பட்டன் அண்ணனின் நாயனப் பெட்டி

பட்டன் அமுக்கிப் பட்டன் அமுக்கியே சொந்த மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்துப் பட்டன் அண்ணன். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆறுதல் சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் அவர் பிட்டர். கொழுந்து அரைக்கிற மிஷின் நின்றால் அவரைத்தான் தேடுவார்கள். வேலை விட்டு லயத்து வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், பட்டன் அமுக்குவார். குளிப்பதைச் சில நாள் மறந்துவிடுவார்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துக்கட்டியபோது, கால் உடைந்த நாற்காலிகளோடு சேர்ந்து அவர் கைக்கு வந்தது அந்தக் கீபோர்டு. எண்பதுகளில் ஜப்பானில் செய்த டிஜிட்டல் சாமான். அந்தக் காலத்து சினிமாப் பாட்டில் காதலி திரும்பிப் பார்க்கிற இடத்தில், மணியா பியானோவா என்று சொல்ல முடியாமல் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது பிறந்த குடும்பம். அந்த ‘டிங்’கும் அதற்குள்ளேயே இருந்தது. அண்ணன் அதைத் தொடமாட்டார்.

“அது கடையில வாங்குன சத்தம் தங்கச்சி. நம்ம கையால செய்யணும்.”

எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் நான் பாடகி, அவர் கீபோர்டு. நான் பல்லவியை எடுத்துவிட்டு நிற்பேன், பின்னால் இசை வராது. திரும்பிப் பார்த்தால் குனிந்து ஏதோ எண்ணை மாற்றிக்கொண்டிருப்பார். “ரெண்டே நிமிசம். பித்தளை கொஞ்சம் கூடிப்போச்சு” என்பார். அவருடைய ரெண்டு நிமிடங்களில் பனியில் நின்று நின்று எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதற்குள் எப்படிச் சத்தம் உண்டாகிறது என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“தொட்டில ஒருத்தி ஆட்டுறான்னு வச்சுக்க. அந்த ஆட்டுறவளையே இன்னொருத்தி புடிச்சு வேகமா ஆட்டுனா தொட்டில் என்னாகும்?”

“புள்ள கத்தும்.”

“அந்தக் கத்தல்தான் இது. ஒரு அலைய இன்னொரு அலை புடிச்சு ஆட்டுது. இந்த மாதிரி உள்ளுக்கு ஆறு பேரு இருக்காங்க. யாரு யார எவ்வளவு ஆட்டணும்னு நம்ம சொல்லணும்.”

அதைச் சொல்லத்தான் நூற்றைம்பது எண்கள். நாக்கு மாதிரி நீளமாக ஒரு சின்னத் திரை, ஒரு சமயத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டும். ஒன்றைக் கூட்டினால் புல்லாங்குழல், இன்னும் ஒன்றைக் கூட்டினால் தகரம். மனிதர் அசரவில்லை.

இப்படி இருக்கையில் அவருடைய ஒரே மகள் கவிதாவுக்கு உடப்புசல்லாவையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். பேசி முடிக்கிற அன்று பந்தல், சாப்பாடு, வேன் என்று ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்தார்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, “மேளம், நாயனம் என் பொறுப்பு” என்றார். சம்பந்திக்கு ரொம்பத் திருப்தி. எங்கிருந்து செட் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் எல்லாரும் சேர்ந்து செய்த பிழை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், இரவு வேலை முடித்து வந்த ஒரு காலைப்பொழுது, கோயில் ஸ்பீக்கரில் கீபோர்டை மாட்டினார். வெட்டவெளியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வயரைப் பிடிக்கிற வேலை எனக்கு. “இது என்ன சத்தம் அண்ணே?” என்றேன். “கேட்டுட்டு நீயே சொல்லு” என்று அமுக்கினார்.

கேட்டேன். எங்கள் பெக்டரிச் சங்கு. அச்சு அசல் அதுவே. கொழுந்து நிறுக்க வரச்சொல்லி மத்தியானம் ஊதுவார்களே, அந்தச் சங்கு.

எங்கள் பெண்களுக்குச் சங்கு என்றால் சங்குதான். வெயிலைப் பார்க்கமாட்டார்கள், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள். மேல் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாதிக் கூடையோடு இறங்கி நிறுவை மடுவத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அப்போதுதான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு ஒங்கள எறங்கச் சொன்னது?”

“சங்கு ஊதுச்சுங்கய்யா.”

“மணி பத்தே முக்கால்தான். எந்தச் சங்கு ஊதுச்சு?”

“மணி ஒங்க கையில இருக்குங்க. எங்களுக்குச் சங்குதான.”

அந்த நேரம் பார்த்து அண்ணன் மறுபடி அமுக்கினார். கண்டாக்கு ஐயா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னையறியாமல் தராசை எடுக்கப் போனார். பாதித் தூரம் போனபிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

ஆனால் அவருக்கு முன்னால் கோயிலுக்கு வந்து சேர்ந்தது ராசாத்தி அக்கா, அண்ணனின் மனைவி. கூடைக் கயிறு தலையில் அப்படியே இருந்தது.

“என்னாங்க இது?”

“நாயனம்.”

“எதுக்கு நாயனம்?”

“கவிதா கல்யாணத்துக்கு. இன்னும் முடியல. எட்டாம் நம்பர்ல ஒன்னு கூடிருச்சு, அதான் சங்கு மாதிரி கேக்குது.”

அக்கா கூடையை இறக்கி வைத்தார். “அப்ப மேளக்காரங்களுக்கு நீங்க சொல்லவே இல்லையா?”

அண்ணன் திரையைத் துடைத்தார். அக்கா அன்று பேசியதை அச்சில் போட முடியாது. பாதிக் கூடையோடு மறுபடி மலையேறிய மற்றப் பெண்கள் பேசியதை நினைத்தே பார்க்க முடியாது.

செய்தி பஸ்ஸுக்கு முன்னால் உடப்புசல்லாவைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் தடிப்பு. அண்ணன் பதறவில்லை. உட்காரவைத்து, “ஒருக்கா கேட்டுட்டு முடிவு சொல்லுங்க சம்பந்தி” என்று அமுக்கினார். எட்டாம் நம்பரைச் சரிசெய்திருந்தார். சம்பந்தி கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

“ஆட்டுக்குட்டி தாயக் காணாமத் தேடுறாப்புல இருக்கு” என்றார் சம்பந்தி, கண்ணைத் திறக்காமலே. “நாயன செட்ட நாங்க கூட்டியாரோம். இந்தப் பொட்டி மண்டபத்துக்குள்ள வந்துச்சுன்னா எங்க மாப்புள வெளிய போயிருவான். அம்புட்டுத்தான்.”

கவிதா அழுதாள். நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற, எளிதில் கலங்காத பிள்ளை. “அப்பா, எனக்காக இத விட்டுருங்க” என்றாள்.

“ஒனக்காகத்தாம்மா புடிச்சுக்கிட்டு இருக்கேன். செட்டுக்காரங்க எல்லாக் கல்யாணத்துக்கும் ஒன்னாத்தான் ஊதுவாங்க. இது ஒனக்கு மட்டும் செஞ்சது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் விடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருபத்தைந்து நாள், வேலை விட்ட பிறகு விளக்கு வைக்கும் வரை எண்ணை ஏற்றுவார், இறக்குவார். எனக்குக் கோபமாக வந்தது. ஒரு பொம்பளைப் பிள்ளையின் வாழ்க்கையைவிட ஒரு சத்தம் பெரிதா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று கந்தப்பளையில் மழை. மண்டபத்துக்கு வெளியே எங்கள் வேனில் காய்கறி மூட்டைகளுக்கு அடியில் நீளமாக ஏதோ இருந்தது. மேலே படங்குச் சாக்கு போர்த்தியிருந்தது.

“அண்ணே, இது என்ன?”

“வேன்லதான தங்கச்சி இருக்கு. மண்டபத்துல இல்லையே.”

மாப்பிள்ளை வீட்டார் செட்டோடு வந்தார்கள். நாயனக்காரர் நரைத்த மீசை, கடுமையான முகம். உட்கார்ந்ததும் சுருதிப் பெட்டியைத் தட்டினார். வரவில்லை. வரும் வழியில் மழைத் தண்ணீர் இறங்கி அது உயிரை விட்டிருந்தது.

“சுருதி இல்லாம நான் சீவாளிய வாயில வைக்கிறதில்ல” என்றார்.

மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் தன் போனில் சுருதி போட்டு மைக்கில் பிடித்தான். நன்றாகத்தான் இருந்தது. ஐயர் மந்திரத்தைத் தொடங்கியபோது போனுக்கு அழைப்பு வந்தது. குத்துப்பாட்டு ஒன்று மண்டபம் முழுக்க அதிர்ந்தது. பின்வரிசையில் நாலு பேர் ஆடத் தயாரானார்கள். நாயனக்காரர் நாயனத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. சம்பந்தி மீசையைக் கடித்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்.

“வேன்ல இருக்கிறத எடுத்தாங்க.”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

கீபோர்டு வந்தது. அண்ணன் வயரை மாட்டினார். “ரெண்டரைக் கட்ட குடுங்க” என்றார் நாயனக்காரர், நம்பிக்கையில்லாமல். அண்ணன் ஒரு கட்டையை அமுக்கினார்.

நாயனக்காரர் துணியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

“இத யாரு செஞ்சது?”

“நான்தாங்க. நாயனம் செய்யத்தான் பாத்தேன். அந்தளவுக்கு வரல.”

“இது நாயனம் இல்லீங்க. ஒத்து. என் பக்கத்துல ஒக்காந்து ஒத்து ஊதுன ஆளு வெளிநாடு போயி ஆறு வருசமாச்சு. அந்தாளே வந்து ஒக்காந்தாப்புல இருக்கு.”

ஒத்து என்றால் நாயனம் மாதிரியே இருக்கும், ஆனால் பாட்டு வாசிக்காது. பக்கத்தில் இருந்து ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடித்ததை விடாமல் இருப்பதுதான் அதன் வேலை. எங்கள் அண்ணனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலையை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

ஒரு சிக்கல் மீதமிருந்தது. பெண்ணைத் தாரை வார்க்க அப்பாவின் இரண்டு கையும் வேண்டும். “கால் சும்மாதான இருக்கு” என்றார் அண்ணன். கீபோர்டுக்குக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று உண்டு. மிதித்திருக்கும் வரை அமுக்கிய சத்தம் நிற்காது. அதன் வயரை மணவறை வரைக்கும் இழுத்தார். கட்டையை ஒரு தரம் என்னை அமுக்கச் சொல்லி, பெடலை மிதித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி நின்றே மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். ஐயர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் கால் பெடலை விட்டுவிடும் என்றார் அண்ணன். ஐயர் வாழ்க்கையில் முதல்தடவையாக மந்திரத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

கெட்டிமேளம் முழங்கியது. நாயனம் அந்தச் சுருதியின் மேல் ஏறி நின்றது. நான் இத்தனை வருடம் எத்தனையோ மேடையில் பாடியிருக்கிறேன், அப்படி ஒரு சத்தத்துக்குள் நின்றதில்லை. அந்த இருபத்தைந்து நாளும் அவரைத் திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பந்தி மூக்கை உறிஞ்சினார்.

தாலி ஏறியது. மேளம் ஓய்ந்தது. நாயனக்காரர் சீவாளியைக் கழற்றினார். ஆட்கள் பந்திக்கு எழுந்தார்கள். சுருதி மட்டும் நிற்கவில்லை. அண்ணன் பெடலின் மேல் நின்றபடி, புருஷனோடு மணவறையைச் சுற்றி வருகிற கவிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயி அந்தக் கால எடுக்கச் சொல்லு” என்று ராசாத்தி அக்கா என்னை அனுப்பினார்.

போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.