நெட்டு ராவுத்தர் போட்ட விளம்பரங்கள்

விளம்பரம் கொடுக்க வந்தவர்களை விரட்டியே ஒரு வெப்சைட்டைக் காப்பாற்றிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் போடியில் இருக்கிறார். நெட்டு ராவுத்தர் என்று கேட்டால் மலையில் மேய்கிற மாடுகூட வழி காட்டும். சொந்தப் பெயர் கேட்டால் அவர் வீட்டிலேயே யோசிப்பார்கள்.

ஏலக்காய் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, என் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அவர் தொடங்கியது அந்த சைட். நேற்று ஏலக்காய் என்ன விலைக்குப் போனது, குரங்கணியில் மழை உண்டா, எந்த ஜீப்பு எப்போது மேலே போகிறது. அவ்வளவுதான். தோட்டக்காரர்கள் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பார்கள்.

சைட்டுக்குக் கட்டும் வருஷ வாடகை ஏறிக்கொண்டே போனது. "மூடிர வேண்டியதுதான் மாப்ளே" என்று அவர் முகம் தொங்கிய அன்று, மேதாவியான நான் ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்குத் தக்கபடி தானாக வந்து விழும் விளம்பரம். யார் எதைத் தேடினார்களோ, அதையே அவர்களுக்குக் காட்டும்.

பத்தாம் நாள் ராசிங்காபுரத்துத் தோட்டக்காரர் ஒருவர் போனும் கையுமாகப் பாய்ந்து வந்தார். டீக்கடையில் நாலு பேர் எட்டிப் பார்க்க, விலை தெரிந்துகொள்ள சைட்டைத் திறந்திருக்கிறார். திரை முழுக்க வழுக்கைக்கு விக்! தலையில் துண்டு கட்டியே இருபது வருஷம் காப்பாற்றிய ரகசியம் அது.

"எய்யா ராவுத்தரே, நான் வீட்டுல ஒளிஞ்சு தேடுனது ஒமக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாக்கலய்யா, மிசினு பாத்திருக்கு."

"ஒம்ம சைட்டுலதானே வந்துச்சு?"

தோட்டக்காரர் போனதும் ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"விலை பாக்க வந்தவன் வீட்டை எட்டிப் பாக்குற சோலி நமக்கு வேணாம் மாப்ளே. வெரசா அதைக் கழட்டு."

"கழட்டுனா சைட்டை மூடணும் மாமா!"

"மூடுறதை அப்புறம் பாப்போம். மொதல்ல கழட்டு."

கழற்றினேன். உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தைப் போடுவது என்று முடிவாயிற்று; கடை போர்டு மாதிரி, பார்க்கிற எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஏலக்காய்க்காரர் புத்தி விடுமா? உள்ளங்கையில் சாம்பிளைக் கொட்டி உருட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட வாங்காத மனுஷன். "சாம்பிள் காட்டாம விளம்பரம் கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

சாக்குக் கடைக்காரரின் சாக்குக்குள் இறங்கி நின்று குதித்தார். ஜீப்பில் குரங்கணிவரை போய்த் திரும்பி, "வண்டி நல்ல வண்டி. டிரைவர் பேச்சைத்தான் நிறுத்த முடியல" என்று போட்டார். மிட்டாய்க் கடைக்காரரை, சாம்பிளை முழுசாகத் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்பினார். எண்ணெய் சிக்கு வாடையாம். பல் டாக்டர் விளம்பரம் கேட்டபோது நான் பயந்ததுதான் நடந்தது. கடைவாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்து டைப் அடித்தார்: "வலி இல்ல. ஆடிக்கிட்டிருந்த பல்லுதான்."

நம்ப மாட்டீர்கள், ஊரே ஏலக்காய் விலையை விட்டுவிட்டு விளம்பரத்தை முதலில் படிக்க ஆரம்பித்தது. ராவுத்தர் போட்டால் சரக்கு சரியாக இருக்கும் என்ற பேச்சு பரவியது. கடைக்காரர்கள் சாம்பிளோடு வரிசையில் நின்றார்கள். ராசிங்காபுரத்துக்காரரே தன் ஏலக்காய் நாற்றுக்கு விளம்பரம் கேட்டு வந்தார், தலையில் துண்டில்லாமல்.

வாடகை கட்டும் நாள் வந்தது. "ரெண்டு வருஷத்துக்குச் சேத்துக் கட்டிரு மாப்ளே" என்றார். மேதாவியான நான் உடனே கட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் சைட்டைத் திறந்தால், நான் கேட்காமலே என் சென்டருக்கு ஒரு விளம்பரம்: "இங்க சொல்ற யோசனை சில சமயம் தப்பும். ஆளு தங்கம். பதினோரு வருஷமாப் பாத்துச் சொல்றேன்."

கடையை அரை மணி முன்னாலேயே பூட்டிவிட்டு அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன். ஒரு சோலியும் இல்லை. அவரைப் பார்க்கணும் போல இருந்தது.