வெசனம் பாயின் ஹாஷ் டேபிள்

ஏற்காட்டு மலையில் விழுகிற ஒவ்வொரு மழைத்துளிக்கும் தனித்தனியாகக் கவலைப்படுகிற ஒரே மனிதர் வெசனம் பாய்தான். வெசனம் என்றால் எங்கள் பக்கத்தில் கவலை. ஒண்டிக்கடை முக்கில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சேலம் பஸ்ஸில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவிலும், "ஏனுங்க, பிரேக் புடிக்குதுங்களா?" என்று டிரைவரைக் கேட்பார். பிற்பாடு அவரைக் கண்டாலே டிரைவர்கள் வண்டியை நிறுத்தாமல் போனார்கள்.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பாய் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரான நான்தான் அதனோடு ஆடிப் பார்க்கும் ஆள். அது ஒரு காயை நகர்த்துவதற்குள் நான் டீ குடித்து, பன் தின்று, மறுபடியும் டீ குடிக்கலாம்.

"குதிரைய மொதல்ல நகத்துனாலும் யானைய மொதல்ல நகத்துனாலும் கடைசில வர்ற நெல ஒண்ணுதானுங்க ரைட்டரே. இது ரெண்டு தடவையும் புதுசா ஒக்காந்து யோசிக்குது!" என்று புலம்பினார்.

அதற்குத்தான் ஹாஷ் டேபிள். பலகையின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்; யோசித்த முடிவு அந்த எண்ணோடு நினைவில் இருக்கும். அதே நிலை மறுபடி வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. பாய்க்கு அதுவும் பயம். "நொம்ப வேகமா இருக்குதுங்களே, எங்கியோ தப்பு இருக்குது."

இருந்தது. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் செஸ் புரோகிராம்களுக்கான போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு ஆட்டம். எதிரில் சேலத்துக் கல்லூரி மாணவி. முதல் ஆட்டத்தில், ஜெயிக்கிற நிலையில் இருந்த எங்கள் புரோகிராம், ராணியைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயின் வாயில் வைத்தது. கூடமே சிரித்தது. பாயின் முகம் வெளுத்துவிட்டது.

இடைவேளை கால்மணி நேரம். திரையையே வெறித்திருந்தவர் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யா அல்லா! அடுத்து யாரு ஆடணும்ங்கறத அந்த நம்பர்ல சேக்கவே இல்லீங்க ரைட்டரே!"

காய்கள் அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் எங்கள் முறைக்கு என்று எழுதி வைத்த முடிவை, புரோகிராம் எதிராளியின் முறைக்கும் எடுத்துக்கொண்டிருந்தது.

தான் தட்டினால் தப்பாகிவிடும் என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நான்கு வரி. அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் ஜெயித்தோம். ஆளுக்கொரு வெற்றி என்பதால் பரிசு இருவருக்கும் பொது. மாணவி தன் பங்கை வாங்கிக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குப் போனாள்; அடுத்து பாயின் பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். தேடிப் போனால், பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பனி நொம்ப எறங்குது கண்ணு. ஊட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணிரு சாமி."

இப்போது எனக்குச் சேலத்தில் வேலை. மழை நாளில் பொழுது சாய்ந்தால் பாய் கூப்பிடுவார்: "ரைட்டரே, ஊடு சேந்துட்டீங்களா?"

அந்த போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.