காதும் காதும் வைத்த மாதிரி

"ஒட்டுக்கேள்னா கேளுய்யா! இன்னா யோசனை?" என்று அதட்டினார் சப்-இன்ஸ்பெக்டர் சுப்பிரமணி.

வேதகிரி ஹெட்போனைக் கழற்றி வைத்தார். வேப்பந்தாங்கல் டெலிபோன் ஆபீசில் மொத்தம் பதினோரு இணைப்பு. ஒரே ஆபரேட்டர் அவர்தான். வேலை நிரந்தரமாகிற உத்தரவு இந்த மாதம்தான் வரவேண்டும்.

"அரிசி மில் தாண்டவராயன் நெல்லைப் பதுக்குறாரு. எங்கன்னு போன்ல பேசுவாரு. கேட்டுச் சொல்லு."

"எழுத்துல உத்தரவு இல்லாம கேட்டா என் வேலை பூடும் சார்."

"சீனாக்காரன் சண்டைக்கு வந்து, ஜனாதிபதியே அவசரநிலைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. உனக்குத் தனியா வேற போடணுமா?"

"அவரு போட்டது நாட்டுக்கு சார். எனக்கு ஒரு காயிதம் வேணும். தந்திச் சட்டத்துல அப்டித்தான் கீது."

சுப்பிரமணி பல்லைக் கடித்தார். "காஞ்சிபுரத்துக்கு ட்ரங்க் கால் போடு. மேலதிகாரிகிட்ட நானே கேக்குறேன். விஷயம் காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும்."

லைன் வழக்கம்போல் இரைந்தது. அவர் பேசியது அந்தப் பக்கம் விழவேயில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, சொன்னதைத் தொண்டை கிழியத் திருப்பிச் சொல்வது அந்த ஆபீஸ் வழக்கம்.

"நீயே சொல்லித் தொலைய்யா!"

வேதகிரி கடமை தவறாதவர். "சார்! அரிசி மில் தாண்டவராயன்! நெல்லு பதுக்குறாராம்! அவரு போனை ரகசியமா கேக்கணுமாம்! ஆமா சார், ரகசியமா! ர-க-சி-ய-மா!"

ஜன்னலுக்கு வெளியே டீக்கடையில் பேச்சு நின்றுபோனது.

மூன்று நாள் காஞ்சிபுரத்தில் தவம் கிடந்து, சுப்பிரமணியே உத்தரவை வாங்கி வந்தார். வேதகிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒட்டுக்கேட்கத் தொடங்கினார். ஒரு வாரத்தில் தாண்டவராயன் போனை எடுத்தது ஒரே தடவை.

"வேதகிரி, தொண்டை இப்ப தேவலையா?"

மில்லைச் சோதனை போட்டார்கள். ஒரு மணி நெல் இல்லை.

கொதித்துப்போய் வந்த சுப்பிரமணி, காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "நீ சர்க்கார் ரகசியத்தை ஊருக்கே கூவினதா எழுதப்போறேன். உன் வேலை காலி!"

வேதகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

"வாயை மூடு! இப்ப அந்த மூட்டைங்க எங்கய்யா?"

டெலிபோன் ஆபீஸையும் போலீஸ் ஸ்டேஷனையும் தினம் பெருக்குகிற மங்கம்மா, துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா இப்டி கேக்குற? நீ காஞ்சிபுரம் போயிருந்தப்ப, மில்லு ஆளுங்க வந்து, இன்ஸ்பெட்டரு அய்யாதான் வெக்கச் சொன்னாருன்னு அல்லாத்தையும் உன் டேசன் பின்னாடி கொட்டாயில அடுக்கிட்டுப் போனாங்களே!"