மூன்றே பொருத்தம்

"மூணுதான் வந்தது ஹரி. பத்துக்கு மூணு. கம்ப்யூட்டர் சொல்றதை நாம மாத்த முடியுமா?"

மஹாதேவன் இதைப் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேரில் போய் நின்றால் மனம் இளகுவார் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புடன் கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்கு வந்திருந்தான் ஹரிஷங்கர். பெட்டியை வாங்கிக்கொண்டு அதே மூன்றைத் திருப்பிக் கொடுத்தார் அவர்.

அவர் மகள் வித்யாலக்ஷ்மிக்கு சால்ட் லேக் ஆபீசில் ஹரிக்கு அடுத்த மேஜை. எலுமிச்சை சாதம் கொண்டுவந்தால் பாதி தருவாள். அவன் ஜோக்குகளுக்குச் சிரிப்பாள், சில சமயம் அவன் முடிப்பதற்கு முன்பே. திருச்சியிலிருந்து ஹரியின் அப்பா முறைப்படி பெண் கேட்டு எழுதியபோது, "எங்கப்பா பொருத்தம் பார்ப்பாரே" என்று மட்டும் சொன்னாள். பத்தில் ஆறு பொருத்தமாவது இல்லாவிட்டால் அவர் சம்மதிக்கமாட்டாராம். அந்த ஆறுதான் இப்போது ஹரியின் வாழ்க்கை.

"எதுல பார்த்தீங்க மாமா?"

கூடத்து மூலையில் கிடந்த கிழட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினார். "என் பழைய ஜாதகப் புரோகிராம்தான். விண்டோஸ் படுத்துடுத்து. என் மருமான் அதை எடுத்துட்டு லினக்ஸ் போட்டான். அதுலயும் இந்தப் புரோகிராம் ஓடணுமேன்னு நடுவுல வேற என்னமோ போட்டிருக்கான்."

ஹரி நிமிர்ந்து உட்கார்ந்தான். கோளாறு ஜாதகத்தில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. மென்பொருள் என்றால் அவன் தொழில்.

"மாமா, நான் கரியாஹாட் மார்க்கெட்ல தமிழ்ல விலை கேக்கறேன்னு வைங்க. கடைக்காரருக்கு வங்காளம்தான் தெரியும். நடுவுல ஒருத்தர் நின்னு ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்றார். அவர் தப்பாச் சொன்னா நான் கத்திரிக்காய் கேட்டு கருவாடு வாங்கிட்டு வருவேன். உங்க புரோகிராம் நான், லினக்ஸ் கடைக்காரர். நடுவுல நிக்கறவர்தான் நமக்கு மூணு போட்டிருக்கார்."

"தாக், தாக்" என்றார் மஹாதேவன். இருக்கட்டும், விடு என்று வங்காளத்தில் சொல்வது டாலிகஞ்சில் பிறந்த அவருக்கு இயல்பாக வந்தது. "ஞாயித்துக்கிழமை. நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு ஹரி கம்ப்யூட்டரைத் தட்டினான். திரையில் தமிழ் எழுத்தே இல்லை, வரிசை வரிசையாகக் கட்டங்கள்.

"இதுல மூணுன்னு எப்படி மாமா படிச்சீங்க?"

"பழக்கம்தான்" என்றார் மஹாதேவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பழைய தமிழ் எழுத்துருவைத் தேடி இறக்கிப் போட்டான் ஹரி. கட்டங்கள் எழுத்துகளாயின. அவனுடைய பிறந்த தேதி, வித்யாவின் பிறந்த தேதி எல்லாம் அடித்தான். விடை தெளிவான தமிழில் வந்தது. இரண்டு.

"பாத்தேளா" என்றார் மஹாதேவன். குரலில் ஒரு தெம்பு. "மூணுகூட இல்லை."

"இருங்க மாமா. நான் செப்டம்பர் அஞ்சு. இது மே ஒன்பதுன்னு எடுத்துக்கிட்டிருக்கு. அமெரிக்கா வழக்கம், மாசத்தை முன்னாடி போடறது."

தேதியின் முறையை மாற்றினான். புரோகிராம் ஒரு முனகல்கூட இல்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடி மூடிக்கொண்டது. நடுவில் நிற்கும் மென்பொருளையே அடியோடு எடுத்துவிட்டு அதன் புதிய பதிப்பைப் போட்டான். புரோகிராம் அழகாகத் திறந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

"மாமா, இதுல வேற ஜாதகமெல்லாம் சேர்த்து வெச்சிருந்தீங்களா?"

"இந்த ஊர்த் தமிழாளோடது எல்லாம் இருந்தது. முப்பது வருஷமா."

ஹரி தலையைச் சொறிந்தான். "போயிடுச்சு மாமா."

மஹாதேவன் கண்ணை மூடித் திறந்தார். "போகட்டும். பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆயிடுத்து."

"மீதிப் பேருக்கு?"

"அதுல பாதிப் பேருக்கு விவாகரத்தும் ஆயிடுத்து. நீங்க வருத்தப்படாதேங்கோ. ஆட்டோ பிடிச்சா மழைக்கு முன்னாடி போயிடலாம்."

இவ்வளவு பெரிய இழப்பை இவ்வளவு சுலபமாக மன்னித்தவருக்கு வேலையை முடித்துக்கொடுக்காமல் எழுந்திருப்பதா? ஹரியின் மனம் ஒப்பவில்லை. இரண்டு ஜாதகங்களையும் மறுபடி அடித்தான். தேதிகள் இப்போது சரி. விடை வந்தது.

பூஜ்யம்.

ரஜ்ஜு இல்லை, கணம் இல்லை, யோனி இல்லை, பத்து வரியிலும் சிவப்பாக 'இல்லை, இல்லை' என்று எழுதியிருந்தது. எலுமிச்சை சாதம், சிரிப்பு, திருச்சியில் அம்மா மனதுக்குள் வாங்கி வைத்துவிட்ட பட்டுப்புடவை எல்லாமே அந்தச் சிவப்பில் கரைந்துகொண்டிருந்தன.

மஹாதேவன் அவன் தோளில் கை வைத்தார். "பூஜ்யத்துக்கு மேல என்ன இருக்கு ஹரி? பகவானே சொல்லிட்டார். உங்களுக்கு நல்ல இடம் அமையும்."

சமையலறையிலிருந்து வித்யாவின் அம்மா ஜலஜா போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. "இன்னும் இருக்கார்... தெரியலைடி... நீ கரியாஹாட்லயே இன்னும் கொஞ்ச நேரம் சுத்து."

வித்யாதான். நல்ல செய்திக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டுக்கு வரவே பயப்படுகிறாள் பாவம். இல்லை, விடக்கூடாது. அவன் ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்தான். கடைசியில் ஒரு மூலையில் அகப்பட்டது.

"கடிகாரம் மாமா! இது லண்டன் நேரத்துல நிக்குது. அஞ்சரை மணி நேரம் தள்ளி நாங்க பொறந்ததாக் கணக்குப் போட்டிருக்கு. நட்சத்திரமே மாறிடும்ல?"

"அதெல்லாம் எதுக்கு ஹரி, லண்டன் நேரமே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மஹாதேவன் அவசரமாக. நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

ஹரி கொல்கத்தா நேரத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான்.

சிவப்பு வரிகள் பச்சையாயின. ரஜ்ஜு உண்டு, கணம் உண்டு, யோனி உண்டு. வசியம் ஒன்றுதான் இல்லை. கீழே பெரிய எழுத்தில்: பத்துக்கு ஒன்பது.

"ஒன்பது மாமா" என்றான். "ஆறு போதும்னீங்க. ஒன்பது."

மஹாதேவன் திரையைப் பார்த்தார், மனைவி இருந்த பக்கம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தந்தி வந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தது அவர் முகம். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று எண்ணி ஹரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வித்யாவை வரச் சொல்லுங்க மாமி. நானே சொல்லிடறேன்."

ஜலஜா டீக்கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். கணவர் வாயைத் திறப்பதாக இல்லை என்று தெரிந்ததும், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க ஜோசியர் போன வாரமே ஒன்பதுன்னு சொல்லிட்டார் ஹரி. மூணுன்னு சொல்லச் சொன்னது வித்யா."