பதினோராவது மாடியில் ஒரு பேரன்

புவனோஸ் ஐரிஸ்,
பிப்ரவரி 19

பெருமதிப்புக்குரிய அக்கா நெலிதாவுக்குத் தம்பி ஒஸ்வால்தோ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய். ஆகவே உங்கள் நலத்தையும் அத்தானின் தோள்வலியையும் மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"உங்க ஊர்ல தடுக்கி விழுந்தா உளவியலாளர் மடியிலதான் விழணும், பதிவு எண் இருக்கறவரா பார்த்துப் போடா" என்று எழுதினீர்களே, மூன்று வாரமாகத் தடுக்கித் தடுக்கி விழுகிறேன். ஒரு மடியையும் காணோம்!

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் இந்த நகரத்து லிஃப்டுகளைப் பழுது பார்த்தவன். ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு லிஃப்டுக்குள் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கதவைப் பார்த்தாலே மூச்சு அடைக்கிறது. மகள் லொரேனாவோ பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள். என் முழங்கால் நாலு மாடிக்கு மேல் ஏறாது. பேரன் புரூனோ பிறந்து இரண்டு மாதமாகிறது. "கீழ கொண்டுவரேன்ப்பா" என்றாள். எனக்காகக் குழந்தையை அந்தப் பெட்டிக்குள் ஏற்றாதே என்று நானேதான் கத்திவிட்டேன். ஞாயிறுதோறும் நான் நடைபாதையில் நிற்க, அவள் பால்கனியிலிருந்து தூக்கிக் காட்டுகிறாள். ஒரு ரொட்டித்துண்டு அளவுக்குத் தெரிகிறான். என் பேரன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது அக்கா. 

முதலில் என் மனைவி கிராசியேலா பதினேழு வருஷமாகப் போகிற உளவியலாளர் அம்மாளுக்கே போன் போட்டேன். "உங்க மனைவி என்கிட்ட வர்றாங்க, குடும்பத்துல ரெண்டு பேரைப் பார்க்க மாட்டேன்" என்றார். சரி, நியாயம். ஆனால் வைக்கும் முன் "ஓ... அந்த ஒஸ்வால்தோ நீங்கதானா!" என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அது என்ன நியாயம்? பதினேழு வருஷமாக என் மனைவி என்னைப் பற்றி என்னதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? கேட்டால், "அதைச் சொல்லத்தான் அங்க போறேன், உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்கிறாள். அடுத்தவர், பேக்கரிக்காரர் சொன்ன ஆள். என்ன பிரச்சினை என்றார். லிஃப்ட் என்றேன். "அட, அது சுலபம். ஒன்பதாவது மாடி, லிஃப்ட்ல ஏறி வாங்க, பேசலாம்!" மூன்றாவது அம்மாள் தரைத்தளத்தில் இருந்தார். கும்பிடாத குறையாக உள்ளே போய்ப் பதிவு எண்ணைக் கேட்டால், ஜோசியச் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்குகிறார். மற்றவர்கள் அத்தனை பேரும் பிப்ரவரி, கோடை விடுமுறை என்று கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மார்ச்சில் கூப்பிடுங்கள் என்று போனில் இயந்திரம் பேசுகிறது. இந்த ஊரில் பைத்தியம் பிடிப்பதாக இருந்தால் மார்ச் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுமாம், கேட்டீர்களா கதையை?

கடைசியில் பெர்லா வைஸ்மான் என்று ஒருவர் அகப்பட்டார். பதிவு எண் உண்டு, வெயில் ஆகாது என்பதால் ஊரிலேயே இருக்கிறார், இரண்டாவது மாடிதான். நேற்று மூச்சு வாங்கப் படியேறுகிறேன், சுவருக்குள்ளிருந்து ஒரு குரல். "யாராவது இருக்கீங்களா? எனக்கு மூச்சு முட்டுது!" இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு நிற்பது என் உளவியலாளரேதான்! வாட்ச்மேனும் கடற்கரையில். கம்பிக்கதவு பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "அம்மா, கீழ உக்காருங்க. நாலு கயிறு இருக்கு, ஒண்ணே உங்களைத் தாங்கும். சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தேன். அழுதார், அப்புறம் தன் அப்பாவைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அவர் மூச்சு சீரானதும் மொட்டைமாடிக்கு ஏறினேன், நல்லவேளை நாலே மாடிக் கட்டிடம். மெஷின் அறைச் சாவியை எங்கே ஒளிப்பார்கள் என்று எனக்கா தெரியாது? கழன்றிருந்த ஒயரை மாட்டிவிட்டுக் கீழே வந்தால், அம்மாள் இரண்டாவது மாடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு நம்ம நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வியாழக்கிழமை பார்க்கலாம்" என்றார்!

அக்கா, நீங்களே சொல்லுங்கள், யார் யாருக்கு வைத்தியம் பார்த்தது? இனி உளவியலாளர் என்ற பேச்சை உங்கள் கடிதத்தில் எடுக்க வேண்டாம். நான் போகப்போவதில்லை. இது முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் கோபக்காரத் தம்பி,
ஒஸ்வால்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு கிராசியேலா கேட்டாள்: "மொட்டைமாடிக்குப் படியேறிப் போனீங்க சரி. கீழ எப்படி வந்தீங்க?" யோசித்துப் பார்த்தால், லிஃப்டில்தான் இறங்கியிருக்கிறேன்! பழுது பார்த்த லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்க்காமல் நான் என்றைக்கு வேலையை முடித்திருக்கிறேன்? இந்த வரிகளைப் பதினோராவது மாடியிலிருந்து எழுதுகிறேன். புரூனோ என் மடியில் இருக்கிறான். காகிதத்தில் உள்ள ஈரம் பாதி அவனுடையது. மூக்கு நம்முடைய மூக்கு. வியாழக்கிழமை கட்டாயம் போகிறேன் அக்கா. பாவம், அந்த அம்மாள் தனியாக எப்படி லிஃப்டில் ஏறுவார்?