பொன்னுதுரையின் நடுக்கம்

"என்னங்க, தலகாணி ஏன் இப்படி தோசை மாதிரி கிடக்குது?" என்று கோகிலா கேட்டபோது, தலையணைக்குள் இருந்த இலவம்பஞ்சில் முக்கால்வாசி கித்தாருக்குள் குடிபோயிருந்தது.

ஜெயபாலன் நிமிரவில்லை. கித்தாரின் வட்ட ஓட்டைக்குள் கடைசிப் பிடிப் பஞ்சை இரண்டு விரலால் திணித்துக்கொண்டிருந்தான். நில அளவை இலாகாவில் பேனா பிடிக்கும் கிராணி வேலை அவனுக்கு. காஜா பெராங் வட்டாரத்தில் கல்யாணமா, காதுகுத்தா, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கித்தாரோடு போய் நின்றுவிடுவான்.

"கும்முனு வரணும் கோகிலா. பொன்னுதுரைக்கு அப்படித்தான் வருது."

"அவரு வீட்டுல தலகாணி வச்சுப் படுக்கிறாங்களா, இல்ல அவங்களும் வெறும் பாய்தானா?"

சிங்கப்பூர் பொன்னுதுரையைத் தெரியாதவர்கள் அன்றைய மலாயாவில் குறைவு. கித்தார் என்றால் அவர்தான். மெர்டேக்கா எனும் சுதந்திர நாளின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு அவர் மலாக்கா வருகிறார். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேடையில் வாசிக்கப் போகிறார். அந்த ஒருவர் ஜெயபாலன் என்று அழைப்பிதழே அச்சாகிவிட்டது. விழாச் செயலாளரான பெரிய கிராணி ராஜரத்தினம் பிறகுதான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"விழாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பொன்னுதுரை உங்களை வாசிக்கச் சொல்லிக் கேப்பாராம். புடிக்கலைன்னா மூவார்லேருந்து அவருக்குத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வந்துடுவாராம். அப்புறம் முந்நூறு அழைப்பிதழ்லயும் உங்க பேரு மேல நான் மை தடவிக்கிட்டு உக்காந்திருக்கணும். மானத்த வாங்கிடாதீங்க ஜெயபாலன்."

அன்றிலிருந்து ஜெயபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. முந்நூறு காகிதத்திலும் தன் பெயர் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது. பொன்னுதுரைக்குப் பிடிக்க வேண்டுமானால் பொன்னுதுரை மாதிரியே வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

பொன்னுதுரையின் சத்தம் அவனுக்கு மனப்பாடம். சுதந்திரம் கிடைத்த கையோடு கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், தம் சாமான்களை ஆபீசில் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ராஜரத்தினத்துக்கு ஐஸ்பெட்டி விழுந்தது. ஜெயபாலனுக்குச் சாவி கொடுக்கிற கிராமபோன். இசைத்தட்டு ஒன்றுகூட இல்லாமல் அது இரண்டு வருஷம் அலமாரி மேல் சும்மா கிடந்தது.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஜாலான் பெண்டஹாராவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அப்துல் சமது பாய் கடையை ஒழித்துக் கழுவிக்கொண்டிருந்தார். குப்பையோடு குப்பையாக ஓர் இசைத்தட்டு கிடந்தது. பொன்னுதுரையின் தட்டு!

"பாய், இத நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்குங்க தம்பி. எவனோ மறந்து வச்சிட்டுப் போனது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இந்தத் தட்ட வந்து..."

பாய் சொல்லி முடிப்பதற்குள் ஜெயபாலனின் சைக்கிள் தெருமுனை திரும்பியிருந்தது.

அந்தத் தட்டில் பொன்னுதுரை வாசித்தது சாதாரண வாசிப்பா! ஒவ்வொரு சுரமும் கும்மென்று கிளம்பி, நடுங்கி, வழுக்கிக் கீழே இறங்கி, மறுபடி எழுந்து வந்தது. தட்டு சுற்றும்போது ஊசியும் மேலே ஏறிக் கீழே இறங்கிப் போனது. பெரிய வித்வான்களின் தட்டு அப்படித்தான் போகும்போலும் என்று ஜெயபாலன் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே தட்டு அதுதான், ஒத்துப்பார்க்க இன்னொன்று ஏது?

"ரேடியோவுல இவரு இப்படி வாசிக்கலையே. பக்கத்து வீட்டுல கேட்டேனே" என்றாள் கோகிலா.

"ரேடியோ காத்துல வருது. வர்ற வழியில நடுக்கம் எல்லாம் உதிர்ந்து போயிடும். தட்டுதான் நிஜம்."

"தட்டுல பூண்டு வாடை அடிக்குதுங்க."

"சிங்கப்பூர்ல அப்படித்தான் செய்வாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

பஞ்சு வைத்ததில் சத்தம் கும்மென்று வரவில்லை, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது மாதிரி வந்தது. சரி, தந்தியைக் கனமாக்கினால் சத்தம் கூடும் என்று உஜோங் பாசிர் மீனவர்களிடம் தடித்த தூண்டில் நரம்பு வாங்கி வந்து கட்டினான். அதுவோ ஏற்கனவே கடலில் உழைத்த நரம்பு. மாலையில் அவன் வாசலில் உட்கார்ந்து மீட்டியதும் தெருவிலிருந்த பூனைகள் ஏழும் வந்து எதிரே வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"பரவாயில்லையே, ரசிகருங்க கூடிட்டாங்க" என்றாள் கோகிலா.

பூனைகளைத் துரத்திவிடலாம், நடுக்கத்துக்கு எங்கே போவது? முழங்கையை ஆட்டிப் பார்த்தான். தலையை ஆட்டிப் பார்த்தான். கழுத்து பிடித்துக்கொண்டது. உடம்பே நடுங்கினால் சத்தமும் நடுங்காதா என்று தோன்றவும், ஐஸ்கச்சாங் விற்பவரிடம் அரைக்கட்டி ஐஸ் வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டு, இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நடுக்கம் வந்தது. ஆனால் பல்லுக்குத்தான் வந்தது. மறுநாள் காலை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

காய்ச்சலோடு படுத்தபடியே கித்தாரை நெஞ்சில் சாய்த்து மீட்டினான். தட்டில் உள்ள அதே நடுக்கம்! அச்சு அசல் பொன்னுதுரை!

"கோகிலா! வந்திருச்சு! வந்திருச்சு!"

"வைத்தியரா?"

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. கூடவே பொன்னுதுரையும் இறங்கிப் போய்விட்டார். உடம்பு தேறியதற்காக ஒரு மனுஷன் அவ்வளவு வருத்தப்பட்டு கோகிலா பார்த்ததில்லை.

அவளுக்கும் மனசு பொறுக்கவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க சித்தப்பா மக கல்யாணத்துல கொட்டாங்குச்சிச் சில்ல வச்சு வாசிச்சீங்களே, விரல் முட்டியால பெட்டியத் தட்டிக்கிட்டு, டக்கு டக்கு டிங்குனு? அதக் கேட்டுத்தான் உங்களக் கட்டிக்கச் சம்மதிச்சேன். இப்பப் பாத்தா பொன்னுதுரையக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"அது கல்யாண வீட்டு வாசிப்பு. அதெல்லாம் ஒரு சத்தமா?"

கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள்தான். அன்று இருந்த கோபத்தில் மிதி பலமாகவே விழுந்தது. ஜெயபாலன் சமாதானம் சொல்ல வந்தவன், கித்தாரின் அடிப்பாகத்தை மெஷின் பலகையில் முட்டுக்கொடுத்து நின்றான். விரல் தந்தியில் பட்டது.

கும்ம்ம்... நடுங்கி, வழுக்கி, எழுந்து வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேணாங்க" என்றாள் கோகிலா. "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். வேணவே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசகசாலை மண்டபத்தின் வாசலில் மிதித்து ஓட்டும் பெச்சா வண்டிகள் இரண்டு வந்து நின்றன. முதல் பெச்சாவில் தையல் மெஷின் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் கித்தாரோடு ஜெயபாலனும், மடியில் கிராமபோன் பெட்டியோடு கோகிலாவும். ஒருவேளை எங்காவது பிசகினால் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டையும் கொண்டு வந்திருந்தான்.

ராஜரத்தினம் வாசலிலேயே மறித்தார். "என்னய்யா இது? விழாவுல வாசிக்கப் போறீங்களா, கொடி தைக்கப் போறீங்களா?"

"வாத்தியம் சார். பக்க வாத்தியம்."

உள்ளே பொன்னுதுரை பசியாறிவிட்டுத் தம் கித்தாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, சாந்தமான முகம். ஜெயபாலன் கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். டிங், டிங், டிங் என்று சுத்தமாக, நேராக, கழுவி வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி சத்தம் வந்தது. நடுக்கத்தைக் காணோம். பாவம், பிரயாணக் களைப்பு என்று ஜெயபாலன் நினைத்துக்கொண்டான்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார் பொன்னுதுரை. பிறகு மெஷினைப் பார்த்தார். அதன் முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காரும் கோகிலாவைப் பார்த்தார். பெரிய மனிதர், ஆரம்பிக்கும்படி கையை மட்டும் காட்டினார்.

"கோகிலா, மிதி" என்றான் ஜெயபாலன் மெதுவாக.

மெஷின் கடகடத்தது. கித்தார் கும்மென்று நடுங்கியது. ராஜரத்தினம் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொன்னுதுரையின் புருவம் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. ஜெயபாலனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் வேகமா!" என்றான்.

கோகிலா வேகமாக மிதித்தாள். பட்டென்று மெஷினின் தோல்பட்டை அறுந்தது. அந்த அதிர்ச்சியில் கித்தார் குலுங்கி, ஓட்டை வழியாக இலவம்பஞ்சு மொத்தமும் கிளம்பி ராஜரத்தினத்தின் கோட்டில் போய் அப்பிக்கொண்டது.

கை நின்றால் பெயர் மேல் கறுப்புக் கோடு. ஜெயபாலனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் சட்டைப்பையில் துழாவினான். எப்போதோ போட்டு மறந்த கொட்டாங்குச்சிச் சில்லு விரலில் அகப்பட்டது. விட்ட இடத்திலிருந்து பிடித்தான். முட்டியால் பெட்டியைத் தட்டிக்கொண்டு, டக்கு டக்கு டிங், டக்கு டக்கு டிங் என்று ஓடினான். பஞ்சு தட்டிக்கொண்டிருந்த ராஜரத்தினத்தின் கால் அவரைக் கேட்காமலே தாளம் போட்டது. கோகிலா நெற்றி வேர்வையைத் துடைக்க மறந்து சிரித்தாள்.

முடிந்ததும் பொன்னுதுரை எழுந்து வந்தார்.

"தம்பி, முதல்ல காய்ச்சக்காரன் மாதிரி வாசிச்சீங்களே, அது வேணாம். பட்டை அறுந்தப்புறம் வாசிச்சது யாரு வாசிப்பு?"

"அது... சும்மா என்னோடதுங்க ஐயா. மன்னிச்சுடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? இந்தச் சத்தத்த நான் எங்கேயும் கேட்டதில்ல. அதையே மேடையில வாசிங்க. மூவார்க்காரரக் கூப்பிட வேண்டியதில்ல."

ராஜரத்தினம் பெருமூச்சு விட்டார். முந்நூறு அழைப்பிதழும் பிழைத்தன. ஒரு நல்ல மனுஷன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஜெயபாலனுக்குத்தான் பொன்னுதுரையைப் பொன்னுதுரையே பழித்தது பொறுக்கவில்லை.

"ஐயா, அந்தக் காய்ச்சச் சத்தம் உங்களோடதுங்க!"

"என்னோடதா?"

"ஆமாங்க. உங்க தட்டுலேருந்து படிச்சது. நாலு மாசமா உசிரக் குடுத்துப் படிச்சேன். நீங்களே கேளுங்க!"

கிராமபோனுக்குச் சாவி கொடுத்துத் தட்டைப் போட்டான். ஊசி ஏறி இறங்கியது. மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் கும்மென்று கிளம்பி, நடுங்கி, வழுக்கி, எழுந்து வந்தது.

பொன்னுதுரை முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் கலங்கிவிட்டன. தட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"நானா இப்படி வாசிச்சேன்?" என்றார். "தம்பி, பதிஞ்ச தட்ட நான் திரும்பிக் கேக்கறதே இல்ல. எப்பேர்ப்பட்ட சத்தம் என் கையில இருந்திருக்கு! எங்கேயோ தொலைச்சிட்டேனே! முப்பது வருஷம் வாசிச்சு என்ன பிரயோஜனம்?"

அவர் மளமளவென்று தம் கித்தாரை எடுத்து வந்து மெஷின் பலகையில் முட்டுக்கொடுத்தார். ராஜரத்தினத்தின் கால் சப்பாத்திலிருந்து நாடா உருவப்பட்டு, அறுந்த பட்டைக்குப் பதிலாகக் கட்டப்பட்டது. கோட்டிலிருந்து தட்டிவிட்ட பஞ்சைப் பொறுக்கி பொன்னுதுரையே தம் கித்தாருக்குள் திணித்துக்கொண்டார்.

"அம்மா, கொஞ்சம் மிதிங்க" என்றார் பணிவாக.

"ஐயா, உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலையெழுத்து?"

"மிதிங்கம்மா, புண்ணியமாப் போகும். அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் நான் சிங்கப்பூர் திரும்பப் போறதில்ல."

கோகிலா மிதித்தாள். பொன்னுதுரை மீட்டினார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி மீட்டினார். ஜெயபாலன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் சாச்சுப் புடிங்க ஐயா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அப்துல் சமது பாய், தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிராமபோனைக் குனிந்து பார்த்தார்.

"அட, இது நம்ம கடைத் தட்டாச்சே, இப்படி நெளிஞ்சு போயும் இன்னுமா பாடுது? நோன்பு மாசம் பூரா கஞ்சிச் சட்டிக்கு இதத்தான் மூடியாப் போட்டிருந்தேன் தம்பி, நடுவுல ஓட்டை இருக்கவும் ஆவி போறதுக்கு அவ்வளவு தோதா இருந்துச்சு!"