நாகேஸ்வரன் போளி டாட் மோசம்

தன் பெயரைத் தானே விலைக்கு வாங்கிவிடுவது என்று நாகேஸ்வரன் முடிவு செய்திருந்தார். அதுவும் இன்று காலை பத்து மணிக்கு. அதுவும் கௌசல்யாவுக்குத் தெரியாமல்.

விஷயம் இதுதான். இணைய முகவரிக்கு 'டாட் காம்' மாதிரி புதிதாக ஒரு வால் வருகிறது: 'டாட் மோசம்'. ஜனங்கள் குறை சொல்ல ஓர் இடம் என்றது விற்கிற கம்பெனி. பயம் காட்டிப் பணம் பறிக்கிற வேலை என்று பத்திரிகைகள் திட்டின. நாகேஸ்வரனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. யார் வேண்டுமானாலும் 'நாகேஸ்வரன்போளி டாட் மோசம்' என்று வாங்கி, அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். திருவனந்தபுரத்தில் தப்பவும் வழியில்லை. தமிழிலும் மோசம் மோசம்தான், மலையாளத்திலும் மோசம் மோசம்தான்.

வலியசாலையில் அவருக்குப் போளிக்கடை. போளி தட்டுவது கௌசல்யா. கடைப் பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர். அவரைப் பற்றி எழுதும்படியான சங்கதி ஒன்று ஊரில் ஒரே ஆளுக்குத் தெரியும். ஸ்ரீவராகத்தில் போட்டிக்கடை வைத்திருக்கும் பத்மகுமாருக்கு.

மணி பத்து. பெயரை அடித்தார். 'இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது' என்றது போன். எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தார். போன் மாற்றிச் சொல்லவில்லை.

அடுக்களையில் கௌசல்யா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"போச்சு. பத்மகுமார் என் பேரை வாங்கிட்டான்."

"அவனுக்கு எதுக்கு உங்க பேர்? சொந்தமா ஒண்ணு இருக்கே."

"கண்டதை எழுதறதுக்காக்கும். ஊர் பூரா வாசிக்கும்."

"வாசிக்கட்டுமே. மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

நாகேஸ்வரன் மாவைப் பார்த்தார். ஊர் வாசித்து இவள் காதுக்கு வருவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"ஓணம் கழிஞ்சு நீ நாகர்கோவிலுக்குத் தங்கை ஆத்துக்குப் போயிருந்தியே."

"ம்."

"அந்த நாலு நாளும் நான் போளி தட்டலை."

"பின்னே?"

"பத்மகுமார்கிட்ட வாங்கி, நம்ம பெட்டியிலே மாத்தி வச்சு வித்தேன்."

பிசைந்த கை நின்றது.

"அப்போ, 'உன் போளி தடிமன், நான் தட்டினதைப் பாத்துக் கத்துக்கோ'ன்னு எட்டு மாசமா எனக்குப் பாடம் எடுத்தேளே, அது?"

"நீ திரும்பி வந்தன்னிக்கு எடுத்துக் காட்டினேனே, அதுவும் அவன் போளிதான்."

கௌசல்யா கையைக் கழுவினாள். துடைத்தாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து தன் போனை எடுத்தாள்.

"பத்மகுமார் ஒண்ணும் வாங்கலை, பாவம். கடை வச்சிருக்கறவாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே கொடுக்கறான்னு நம்ம மீரா கழக்கூட்டத்து ஆபீஸ்லேந்து கூப்பிட்டுச் சொன்னா. லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு. நேத்திக்கே நான் எடுத்து வச்சுட்டேன்."

நாகேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீயா? மகளும் அம்மாவுமா மானத்தைக் காப்பாத்திட்டேள். அந்தப் பக்கம் அப்படியே காலியா கிடக்கட்டும், என்ன?"

"காலியாத்தான் கிடந்தது. என்ன எழுதறதுன்னு நேத்தேந்து யோசிச்சுண்டிருந்தேன்." கௌசல்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அந்தப் பெட்டி மாத்தினதை இன்னொரு தரம் சொல்லுங்கோ. மெதுவா."